சர்வீஸும் ஸ்லோமோஷனும்: ஒரு பி.டி. ஆசிரியரின் அனுபவம்

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தால் முதல் வாரம் என்ன செய்வோம்? பாட்டு கேட்போம், பழைய போட்டோக்களைக் காப்பி செய்வோம், சீட்டு விளையாடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். அரசுப் பள்ளி ஒன்றில் நான் உடற்கல்வி ஆசிரியர். மகளின் படிப்புக்காக வாங்கிய லேப்டாப்பில், இரண்டாவது மாதமே என் வாலிபால் மாணவிகளின் சர்வீஸ் வீடியோக்கள் குடியேறிவிட்டன. அதனால் கிடைத்த பலனையும், நான் செய்த இரண்டு தவறுகளையும் இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டில் விளையாடும் பிள்ளைகள் இருந்தால் பயன்படும்.

முதலில், நீங்கள் மவுஸைப் பிடித்த முதல் நாளை நினைத்துப் பாருங்கள். கையைப் பார்ப்பீர்கள், திரையைப் பார்ப்பீர்கள். டபுள் கிளிக் செய்தால் பைல் திறக்காது. பெயர் மாற்றும் கட்டம் வந்து நிற்கும். சில நாட்களில் தடுமாற்றம் குறையும். சில மாதங்களில் கையில் மவுஸ் இருப்பதே நினைவில் இருக்காது. பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர்கள் 1967ல் வெளியான தங்கள் நூலில் சொன்ன மூன்று படிகள் இவைதான். அறியும் நிலை, இணைக்கும் நிலை, தானியங்கும் நிலை என்று நாங்கள் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறோம். (இலக்கு தூரமாகவும் சிறியதாகவும் இருந்தால் கை போய்ச் சேர அதிக நேரமாகும் என்று 1954ல் கணக்குப் போட்டவரும் இதே ஃபிட்ஸ்தான். பட்டன் பெரிதாக இருந்தால் கிளிக் செய்வது சுலபமாக இருக்கிறதே, அதன் காரணம் இதுதான்.)

இனி மைதானத்துக்கு வருவோம். வாலிபாலில் கடைசிக் கோட்டிலிருந்து வலை 9 மீட்டர் தூரம். பெண்களுக்கான வலையின் உயரம் 2.24 மீட்டர். கைக்குக் கீழிருந்து சர்வீஸ் போட்டுப் பழகிய ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு, தலைக்கு மேலிருந்து அடிக்கும் சர்வீஸைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். முதல் நாளே போனில் பத்து சர்வீஸ்களை வீடியோ எடுத்து, லேப்டாப்பில் ஓடவிட்டு, ஏழு தவறுகளைச் சுட்டிக்காட்டினேன். பாதம், இடுப்பு, முழங்கை, மணிக்கட்டு என்று ஒன்றையும் விடவில்லை. புதுக் கம்ப்யூட்டர் மோகம்!

மறுநாள் அவளால் பந்தையே சரியாகத் தொட முடியவில்லை. மூன்றாம் நாள் வரவே இல்லை. அவள் தோழிதான் சொன்னாள், "சார், அவளுக்கு எதை முதல்ல பாக்கறதுன்னே தெரியலையாம். டீம்ல இருந்து பேரை எடுத்துடச் சொல்றா."

மவுஸ் பிடிக்கத் தெரியாதவருக்கு எக்ஸெல் பார்முலா சொல்லிக் கொடுத்ததைப் போன்ற வேலை அது. முதல் படியில் இருப்பவருக்குத் தேவை ஒரு நல்ல செய்முறை விளக்கமும், ஒரே ஒரு சொல்லும். அவள் வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்து வந்தேன். வலையிலிருந்து 6 மீட்டரில் நிறுத்தினேன். "பந்து தோளுக்கு முன்னாலே" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. லேப்டாப் வீட்டிலேயே இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவள் கடைசிக் கோட்டுக்கு வந்தாள். சில பந்துகள் தாண்டின, சில வலையில் விழுந்தன. ஏதோ தவறு என்று அவளுக்கே தெரிந்தது. எது என்றுதான் தெரியவில்லை. இதுதான் இரண்டாம் படி. வீடியோ உதவுவது இங்கேதான்.

பக்கவாட்டில் ஒரு ஸ்டூலில் போனை அசையாமல் வைத்துப் படம் எடுங்கள். கேமரா செட்டிங்ஸில் விநாடிக்கு 60 பிரேம் இருந்தால் அதைத் தேர்வு செய்திடுங்கள். 30ல் கை பந்தைத் தொடும் கணம் மங்கலாகிவிடும். பைலை கம்ப்யூட்டருக்கு மாற்றி, இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. மீடியா பிளேயரில் திறந்திடுங்கள். இடது சதுர அடைப்புக்குறி கீயை அழுத்த அழுத்த வேகம் குறையும். ஆங்கில 'ஈ' கீயை அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். கோடு போட்டுக் கோணம் அளக்க வேண்டுமா? விண்டோஸில் இயங்கும் கினோவியா என்ற இலவச புரோகிராம், விளையாட்டு வீடியோக்களுக்கென்றே உருவானது. மற்றவர் பிள்ளைகளைப் படம் எடுப்பதானால் பெற்றோரிடமும் தலைமை ஆசிரியரிடமும் அனுமதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

இம்முறை நான் வாயைத் திறக்கவில்லை. நான்காவது சர்வீஸைப் பார்த்ததும் அவளே சொன்னாள், "சார், பந்து தலைக்குப் பின்னால போகுது."

அடுத்து எக்ஸெல். தினமும் 20 சர்வீஸ். முதல் காலத்தில் தேதி, இரண்டாவதில் வலையைத் தாண்டி எல்லைக்குள் விழுந்தவை. இரண்டையும் செலக்ட் செய்து இன்செர்ட் டேபில் லைன் சார்ட் கொடுத்தால் கோடு வந்துவிடும். அவளுடைய கோடு சரசரவென்று ஏறி, 12ல் நின்றுவிட்டது. இரண்டு வாரம் அசையவில்லை. "எனக்கு இவ்வளவுதான் சார் வரும்" என்றாள். மூன்றாவதாக ஒரு காலம் சேர்த்து, எதிர்த்தளத்தின் பின்பகுதியில் விழுந்தவற்றை மட்டும் எண்ணினோம். அந்தக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை நின்றதே தவிர, கற்பது நிற்கவில்லை.

அதன் பிறகு ஒரே இடத்துக்கு 20 அடிப்பதை மாற்றி, இடங்களைக் கலந்து அடிக்கச் சொன்னேன். பேட்மிண்டன் சர்வீஸ்களை வைத்து 1986ல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று வகைகளைக் கலந்து பழகியவர்கள் பின்னர் நடந்த சோதனையில் மேலாகச் செய்தார்கள். பயிற்சியின்போது கோடு கொஞ்சம் இறங்கும். பயப்பட வேண்டாம்.

இரண்டாவது தவறு கேப்டன் விஷயத்தில். அவள் மூன்றாம் படியில் இருந்தவள். பேசிக்கொண்டே சர்வீஸ் போடுவாள், நினைத்த இடத்தில் விழும். குறுவட்டப் போட்டிக்கு முந்தைய நாள் மாலை, கினோவியாவில் அவள் மணிக்கட்டில் கோடு போட்டு, "இது கொஞ்சம் வளையுதும்மா" என்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் விசில் ஊதியதும் அவள் பந்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தாள். சர்வீஸ் போட 8 விநாடிதான் அவகாசம். முதல் பந்து வலையில். அடுத்த முறையும் வலையில். எனக்கு வியர்த்துவிட்டது. யோசிக்காமல் செய்துவந்த ஒன்றை மறுபடி யோசிக்க வைத்து, அவளை முதல் படிக்கே இறக்கிவிட்டிருந்தேன். டைம் அவுட் கேட்டேன். "நேத்து சொன்னதை மறந்துடும்மா. அங்கே இடது பின் மூலை காலியா இருக்கு பார், அங்கே அனுப்பு" என்றேன். அடுத்த சர்வீஸ் அந்த மூலையில் போய் விழுந்தது. ஆனாலும் அந்த செட் எங்களுக்கு இல்லை, போட்டியும் இல்லை. அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒன்பதாம் வகுப்பில் அழுதுகொண்டு போனவள் இப்போது பத்தாம் வகுப்பு. போனை எடுத்தாலே தடுத்துவிடுகிறாள்: "சார், முதல்ல பத்து போட்டுடறேன். கேட்டா மட்டும் காட்டுங்க."