முதலை வாயில் குஞ்சு

முதலை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கஜேந்திரனின் காலைக் கவ்விய முதலையும், அவிநாசியில் பாலகனை விழுங்கிய முதலையுமே ஆகும். விடாப்பிடியை 'முதலைப் பிடி' என்கிறோம். பொய்யழுகையை 'முதலைக் கண்ணீர்' என்கிறோம். இவ்வாறு இகழ்ச்சிக்கே உரியதாகிவிட்ட அவ்வுயிரைப் பற்றி, விலங்குகளை உற்று நோக்குவதில் இன்பங்காணும் அன்பர்கள் கூடிப் பேசும்போது கேட்கும் செய்திகளோ முற்றிலும் வேறானவை.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். அமெரிக்கத் திரைப்படங்களில் காணும் 'அலிகேட்டர்' நம் நாட்டு ஆறுகளில் இல்லை. அதில் இரண்டே இனங்கள் உண்டு; ஒன்று அமெரிக்காவிலும் மற்றொன்று சீனத்திலும் வாழ்கின்றன. காவிரியில் வாழ்வது 'மக்கர்' எனப்படும் நன்னீர் முதலை. அகன்ற முகத்தால் இது அலிகேட்டரைப் போலத் தோன்றும். ஆயினும் வாயை மூடிய பின்பும் கீழ்த்தாடையின் நான்காம் பல் வெளியே தெரியுமாயின், அது முதலையே.

தோலுக்காக வேட்டையாடப்பட்டு நம் முதலைகள் அருகிவந்த காலத்தில், 1972-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் மாமல்லபுரத்திற்கு அருகே சென்னை முதலைப் பண்ணையை ராமுலஸ் விட்டேக்கர் நிறுவினார். இனத்தைக் காக்கத் தோன்றிய அவ்விடம், அதன் குணத்தை அறியும் கல்விக்கூடமும் ஆயிற்று.

தாய் முதலை கரையில் குழி தோண்டி முட்டையிட்டு மூடுகிறது. குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை மண்ணின் வெப்பமே முடிவு செய்கிறது. ஏறத்தாழ இரண்டு திங்கள் கழிந்ததும் முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் குரல் எழுப்புகின்றன. அக்குரல் கேட்டுத் தாய் மண்ணைத் தோண்டுகிறது. குஞ்சுகளை வாயில் ஏந்தி நீருக்குக் கொண்டு செல்கிறது. எலும்பை நொறுக்கும் அதே தாடை, அப்போது தொட்டிலாகிவிடுகிறது! தந்தை முதலையும் இப்பணியில் பங்கு கொள்வதைச் சென்னைப் பண்ணையில் கண்டு, லாங், விட்டேக்கர், ஆண்ட்ரூஸ் ஆகியோர் 1986-இல் எழுதினர். முதலை தன் குஞ்சுகளையே விழுங்குகிறது என்று நம் முன்னோர் எண்ணியதும், இக்காட்சியைத் தொலைவிலிருந்து கண்டதனாலோ என்னவோ!

மற்றொரு செய்தி இன்றும் வாதத்திற்குரியது. சென்னைப் பண்ணையின் மக்கர் முதலைகள் மூக்கின்மேல் சுள்ளிகளைத் தாங்கியவண்ணம் அசையாது கிடப்பதுண்டு. கூடு கட்டச் சுள்ளி தேடும் பறவைகளைக் கவர்வதற்கான தந்திரமே இது என்றும், அமெரிக்க அலிகேட்டர்களும் இவ்வாறே செய்கின்றன என்றும் விளாடிமிர் டினெட்ஸ் முதலியோர் 2013-இல் எழுதினர். பின்னர் அலிகேட்டர்களை வைத்துச் சோதித்த வேறு ஆய்வாளருக்கு அக்கருத்துக்கு ஆதரவு கிட்டவில்லை. மிதக்கும் சுள்ளி தற்செயலாகவும் மூக்கில் தங்கலாமன்றோ? இகழ்வதிலும் வியப்பதிலும் அவசரம் கூடாது என்பதே இதனால் நாம் கற்கும் பாடம்.

நாமும் நேரிற் கண்டு தெளியலாம். மர்பி டவுனிலிருந்து மைசூர்ச் சாலை வழியே சென்றால், ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அருகே ரங்கனதிட்டுப் பறவைச் சரணாலயம் உள்ளது. பறவையறிஞர் சாலிம் அலியின் தூண்டுதலால் 1940-இல் காக்கப்பட்ட இடம் அது. மேலே மரங்களில் நாரைகள் குஞ்சு பொரிக்க, கீழே பாறைகளில் முதலைகள் வெயில் காயும். ஃபுளோரிடாவில் பறவைக் கூடுகளுக்கு அருகில் வாழும் அலிகேட்டர்கள், கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை உண்டு கொழுக்கின்றன என 2016-இல் ஓர் ஆய்வு கூறிற்று. மரமேறிக் கூட்டைக் கொள்ளையிடும் விலங்குகளோ முதலைக்கு அஞ்சி அணுகா. ஆகவே பறவைக்கும் அதனால் காவல் உண்டு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கூட்டைக் காக்கும் தாய் முதலை கடுஞ்சினமுடையது. பாசமே அதன் சினத்திற்குக் காரணம். படகிலிருந்து கையை நீட்டுவதும், கல்லெறிவதும், முதலை வாழும் ஆற்றில் இறங்கிக் குளிப்பதும் உயிருக்கே தீங்காக முடியும். தொலைவிலிருந்து பொறுமையுடன் பார்க்கக் குழந்தைகளைப் பழக்குவோம். வீடு திரும்பியதும் கஜேந்திரன் கதையை மறவாது சொல்வோம். குஞ்சைச் சுமந்த வாயின் கதையையும் உடன் சொல்வோம்.