வதந்தி வீடியோ: போட்டவர் மதுரை ஜெயிலுக்கு வந்தார்... பரப்பிய தளத்தை யார் கேட்பது?

‘தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள்’ - 2023 மார்ச் முதல் வாரத்தில் வட மாநில போன்களில் சுற்றிய தகவல் இது. அது பொய். வேறு சம்பவங்களின் காட்சிகளை எடுத்து ஒட்டியிருந்தார்கள். ஒரு வீடியோ பாட்னாவிலேயே நடிக்க வைத்து எடுத்தது என்று பிகார் போலீஸே சொன்னது.

தகவல்தான் பொய், பயம் நிஜம். தொழிலாளர்கள் பலர் ஊருக்கு ரயில் ஏறினார்கள். பிகார் சட்டமன்றத்தில் அமளி. அங்கிருந்து அதிகாரிகள் குழுவே விசாரிக்க இங்கே வந்தது.

நம்ம மதுரைக்கு என்ன சம்பந்தம்?

இந்த விவகாரத்தில் பிகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப் மதுரைக்கு அழைத்து வரப்பட்டு, மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். ஏப்ரலில் தேசிய பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தத் தடுப்புக்காவல் உத்தரவை ரத்து செய்தது.

கைது, சிறை, ரத்து எல்லாமே தனிநபரைச் சுற்றித்தான். அந்த வீடியோக்களை லட்சக்கணக்கான போன்களுக்குக் கொண்டு போனது எது?

அல்காரிதம் என்ன செய்யும்?

எந்த வீடியோவை மக்கள் நின்று பார்க்கிறார்களோ, ஷேர் பண்றாங்களோ, அதை இன்னும் பல பேருக்குக் காட்டும். கோபமும் பயமும் விரலை நிறுத்தும். உண்மையா பொய்யா என்பது அந்தக் கணக்கில் பின்னுக்குப் போய்விடும்.

மற்ற நாடுகளில் எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, அங்கே மாதம் 4.5 கோடி பயனர்களுக்கு மேல் உள்ள தளங்கள், தங்களால் தேர்தலுக்கும் பொது விவாதத்துக்கும் என்ன ஆபத்து வரலாம் என்று ஆண்டுதோறும் மதிப்பிட வேண்டும். அதைக் குறைக்கவும் வேண்டும். தவறினால், உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 6 சதவீதம் வரை அபராதம்.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2024 டிசம்பரில் ருமேனியாவின் அதிபர் தேர்தலையே நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால், தேர்தல் ஆபத்தை டிக்டாக் சரியாக மதிப்பிட்டதா என்ற விசாரணை சில நாட்களிலேயே தொடங்கியது. கேள்வி கேட்க அங்கே ஒரு சட்டம் இருந்தது.

இந்தியாவில்?

2021 ஐடி விதிகளின்படி, 50 லட்சம் பயனர்களைத் தாண்டிய தளம் குறைதீர் அதிகாரியை நியமிக்கணும். எத்தனை புகார் வந்தது, என்ன நடவடிக்கை என்று மாதாமாதம் அறிக்கை தரணும். 2024-ல் தேர்தல் ஆணையம், கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் போலிப் பதிவுகளை நீக்கச் சொல்லி கட்சிகளுக்கு உத்தரவிட்டது. எல்லாமே பதிவு பரவிய பிறகு நடப்பவை.

வைகை அணையில் 66 அடியிலேயே முதல் வெள்ள எச்சரிக்கை கொடுத்துவிடுகிறார்கள். 71 அடி நிறையும் வரை காத்திருப்பதில்லை. தளங்களிடம் கேட்க வேண்டியதும் இதைத்தான்.

‘அப்போ அரசு நினைத்த பதிவை எல்லாம் நீக்கிடுமே?’ நியாயமான பயம். அதனால்தான் கேள்வி ஒவ்வொரு பதிவைப் பற்றியும் இல்லாமல், அதைத் தள்ளிவிடும் முறையைப் பற்றி இருக்க வேண்டும். பதிலும் அரசுக்கு மட்டுமல்ல, ஓட்டுப் போடும் நமக்கும் தெரிய வேண்டும்.