வாட்ஸ்அப்பில் பட்டுச்சேலை ஜரிகை மங்குவது ஏன்? ‘சர்நேம்’ கேட்டால் நாம் முழிப்பது ஏன்? இரண்டுக்கும் விடை சொல்லும் 1974 கட்டுரை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியிலிருந்து இறக்கிய சேலையை ஒருவர் செல்போனில் போட்டோ எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரக்கு உடல், பச்சைக் கரை, உடல் முழுக்க மெல்லிய வைரஊசிக் கோடு. அவர் போனில் படம் பளிச்சென்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அதைப் பார்க்கும் வாடிக்கையாளர், “என்னங்க, கோடே தெரியலையே, கரை ஓரம் கலங்கின மாதிரி இருக்கே?” என்கிறார்.

சரி, ஆன்லைனில் கடை போட்டு வெளிநாட்டுக்கே விற்கலாம் என்று ஒரு இணையதளத்தில் கணக்கு தொடங்கப் போனால், அங்கே இன்னொரு சிக்கல். ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘லாஸ்ட் நேம்’ என்று இரண்டு கட்டம். லாஸ்ட் நேம் கட்டத்தில் இனிஷியலைப் போட்டால் ஏற்க மறுக்கிறது. காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேங்குது.

இந்த இரண்டு சிக்கலும் சந்திக்கும் ஓர் இடம் இருக்கிறது என்றால் நம்புவீங்களா? 1974 ஜனவரியில் அமெரிக்காவில் வெளியான ஒரு சின்ன ஆய்வுக் கட்டுரைதான் அது. எழுதியவர்கள் என். அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ்.

என்ன கட்டுரை அது?

கட்டுரையின் பெயரே ‘டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்’. சுருக்கமாக டிசிடி. பெங்களூரில் பிறந்து அமெரிக்கா போன நசீர் அகமது, கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1972இல் இந்த யோசனைக்காக அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் சொன்னதாக அகமதுவே பின்னர் எழுதியிருக்கிறார்.

ஆனாலும் அவர் விடவில்லை. தன் ஆய்வு மாணவர் நடராஜன், டெக்சாஸில் இருந்த நண்பர் ராவ் இருவருடனும் சேர்ந்து வேலையை முடித்தார். இன்று நீங்கள் பார்க்கும் ஜேபெக் போட்டோ, யூடியூப் வீடியோ, டிஜிட்டல் டிவி எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தக் கணக்கோ இதன் வழிவந்த கணக்கோதான்.

போட்டோவுக்குள் என்ன நடக்கிறது?

நெசவாளர்களுக்கு இது சட்டென்று புரியும். சேலை டிசைனை முதலில் கிராஃப் பேப்பரில் கட்டம் கட்டமாக வரைவார்கள் இல்லையா? செல்போன் படமும் அப்படித்தான், கோடிக்கணக்கான சின்னக் கட்டங்கள். ஜேபெக் முறை அவற்றை 8க்கு 8 என்று பிரிக்கிறது. ஒரு சதுரத்தில் 64 புள்ளிகள்.

டிசிடி அந்த 64 புள்ளிகளை வேறு 64 எண்களாக மாற்றும். முதல் எண், அந்தச் சதுரத்தின் சராசரி வெளிச்சத்தைச் சொல்லும். அடுத்தடுத்த எண்கள், ‘வெளிச்சம் மெதுவாக மாறுகிறதா, வேகமாக மாறுகிறதா’ என்று சொல்லும். இந்த மாற்றத்தின் வேகத்தைத்தான் அதிர்வெண் என்கிறார்கள்.

சதுரம் முழுக்க ஒரே அரக்கு நிறம் என்றால் முதல் எண் மட்டும் இருக்கும், மீதி 63ம் பூஜ்யம். மெல்லிய ஜரிகைக் கோடு, ஒரு புள்ளி வெளிச்சம், அடுத்த புள்ளி இருட்டு என்று மாறி மாறி வந்தால் வேகமான அதிர்வெண்களுக்கான எண்கள் பெரிதாகும்.

அப்போ ஜரிகை எங்கே போகுது?

அடுத்த படியில்தான் இழப்பு நடக்கிறது. மனிதக் கண் மெதுவான மாற்றத்தை நன்றாகக் கவனிக்கும், ரொம்ப நுணுக்கமான மாற்றத்தை அவ்வளவாகக் கவனிக்காது. அதனால் ஒவ்வொரு எண்ணையும் ஓர் எண்ணால் வகுத்து, முழு எண்ணாக்கிச் சேமிக்கிறார்கள். ஜேபெக் தரத்தில் எடுத்துக்காட்டாகத் தரப்பட்ட அட்டவணைப்படி, முதல் எண்ணை 16ஆல் வகுக்க வேண்டும். மிக வேகமான அதிர்வெண்ணை 99ஆல் வகுக்க வேண்டும்.

முதல் இடத்தில் 40 இருந்தால், 16ஆல் வகுத்து 2.5, ஏதோ ஓர் எண்ணாகப் பிழைத்துவிடும். கடைசி இடத்தில் அதே 40 இருந்தால், 99ஆல் வகுத்து 0.4, முழு எண்ணாக்கினால் பூஜ்யம். போனது போனதுதான், திரும்ப வராது. எவ்வளவு அழுத்தமாகப் படத்தைச் சுருக்குகிறார்களோ அவ்வளவு எண்கள் பூஜ்யமாகும். வைரஊசிக் கோடு மங்குவது இப்படித்தான். சுருக்குவதற்கு முன்னால் படத்தின் அளவையே குறைக்கும்போதும் மெல்லிய கோடு அடிபடும்.

கரை ஓரம் கலங்குவதற்குக் காரணம் வேறு. வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனி அடுக்காகப் பிரிக்கும்போது, பெரும்பாலும் நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்றாகக் குறைத்துவிடுவார்கள். அரக்கு உடலும் பச்சைக் கரையும் சேரும் கோர்வை, தறியில் கூர்மையான கோடு. படத்தில் அங்கே இரண்டு நிறமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மொத்தச் சேலையுமே வேறு நிறமாகத் தெரிந்தால், பெரும்பாலும் குற்றம் சுருக்கத்தின் மேல் இல்லை. டியூப்லைட் வெளிச்சம், கேமரா, பார்ப்பவரின் திரை இவற்றில் ஏதோ ஒன்றுதான் காரணம்.

இவ்வளவு கணக்கை போன எப்படி நொடியில் போடுகிறது?

இங்கேதான் ‘வேகக் கணக்கு முறை’ வருகிறது. 4,000க்கு 3,000 புள்ளி உள்ள ஒரு படத்தில் 1,87,500 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் 64 எண்களில் ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்க 64 பெருக்கல் என்றால், சதுரத்துக்கு 4,096. மொத்தம் 76 கோடியே 80 லட்சம் பெருக்கல்! அதுவும் வெளிச்ச அடுக்குக்கு மட்டும்.

முதல் தந்திரம்: 64 புள்ளிகளையும் ஒன்றாகப் போடாமல் 8 வரிசை, 8 நிரல் என்று தனித்தனியாகப் போடுவது. ஒரு வரிசைக்கு 64 பெருக்கல், 16 முறை என்றால் சதுரத்துக்கு 1,024 ஆகிறது. நான்கில் ஒரு பங்கு.

இரண்டாவது தந்திரம்: கொசைன் அலைக்கு நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் பொருந்தும் குணம் உண்டு. அதனால் 8 புள்ளியில் முதலாவதையும் எட்டாவதையும் ஜோடி சேர்க்கலாம். இரண்டாவது ஏழாவதோடு, மூன்றாவது ஆறாவதோடு, நான்காவது ஐந்தாவதோடு. ஜோடிகளின் கூட்டல் நான்கு எண்ணுக்குப் போதும், கழித்தல் மற்ற நான்குக்குப் போதும். 64 பெருக்கல் 32 ஆகிவிட்டது. இதே மாதிரி மறுபடி மடித்துக்கொண்டே போகலாம். 1989இல் வெளியான ஒரு முறை, வரிசைக்கு வெறும் 11 பெருக்கலில் முடித்தது. அப்படியானால் சதுரத்துக்கு 176, முழுப் படத்துக்கு 3 கோடியே 30 லட்சம். விடையில் மாற்றமில்லை, பெருக்கல் மட்டும் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

இந்தப் பிரித்துப் போடும் யோசனைக்கு ஒரு மூத்த அண்ணன் இருக்கிறது. 1965இல் ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி இருவரும் வெளியிட்ட எஃப்எஃப்டி, அதாவது வேக ஃபூரியர் மாற்றம். 1,024 புள்ளிக்கு நேரடியாகப் போட்டால் சுமார் 10 லட்சம் படிகள். அவர்கள் முறையில் சுமார் 10 ஆயிரம்தான். இதே யோசனையை ஜெர்மன் கணிதமேதை காஸ் 1805 வாக்கிலேயே எழுதி வைத்திருந்தது பிறகு தெரியவந்தது. 1974 கட்டுரையும், டிசிடியை இந்த எஃப்எஃப்டி வழியாகவே வேகமாகப் போடலாம் என்று காட்டியது.

சரி, பெயருக்கு வருவோம்

கூலி, டூக்கி என்பவை அவர்களின் குடும்பப் பெயர்கள். அப்பாவுக்கும் அதே பெயர், பிள்ளைக்கும் அதே பெயர். 1974 கட்டுரையைக் குறிப்பிடும்போதும் உலகம் அதே கணக்கில் ‘நடராஜன், டி.’ என்று திருப்பி எழுதுகிறது. நடராஜன்தான் குடும்பப் பெயர் என்று பட்டியல் எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டு வழக்கப்படி படித்தால் அது தலைகீழ். இனிஷியல் அப்பாவுடையதோ ஊருடையதோ. நடராஜன் என்பது அவருக்கே வைத்த பெயர்.

கே. ஆர். ராவ் விஷயம் இன்னும் வேடிக்கை. முழுப்பெயர் கமிசெட்டி ராமமோகன் ராவ். தெலுங்கு வழக்கத்தில் வீட்டுப்பெயர் முன்னால் வரும். அதாவது குடும்பத்தைச் சொல்லும் பெயர் ‘கே’ என்ற ஒற்றை எழுத்துக்குள் ஒளிந்துகொண்டது. பட்டியலில் நிற்பதோ ‘ராவ்’.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க வேறு உதாரணமே வேண்டாம். 1909இல் அங்கே நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரையின் பெயரைப் பாருங்கள். ‘சி’ என்றால் கான்ஜீவரம், காஞ்சிபுரத்தின் பழைய ஆங்கில வடிவம். ‘என்’ என்றால் நடராஜன், அப்பா பெயர். ஆக ஒரே ‘நடராஜன்’, அங்கே சொந்தப் பெயர், இங்கே இனிஷியல். படிவத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

‘ராமன் விளைவு’, ‘சந்திரசேகர் எல்லை’ என்று உலகம் சொல்லும்போதும் குடும்பப் பெயராக நிற்பது அவர்களின் சொந்தப் பெயர்தான். செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்தை வெளிநாட்டவர் செல்லமாக ‘விஷி’ என்கிறார்கள். அவர்கள் கூப்பிடுவது அவருடைய அப்பாவை!

அவர்களுக்கு மட்டும் சர்நேம் எப்படி வந்தது?

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் ஒற்றைப் பெயர்தான். இங்கிலாந்தில் சுமார் 11ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டுக்குள் அப்பா பெயர், ஊர், தொழில் ஆகியவை குடும்பப் பெயராக உறைந்தன. ஸ்மித் என்றால் கொல்லர். வீவர், வெப், வெப்ஸ்டர், ஜெர்மனியில் வெபர் எல்லாமே நெசவாளர் என்ற பொருள்தான்! தறியையே பார்த்திராத பேரனும் இன்று வெப்ஸ்டர்தான். சில நாடுகளில் சட்டமே போட்டார்கள்: ஜப்பானில் 1875, துருக்கியில் 1934.

தமிழ்நாட்டில் கதை எதிர்த்திசையில் போனது. இங்கே பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்தது பெரும்பாலும் சாதிப் பட்டம். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, அந்தப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. காஞ்சிபுரமும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. பட்டம் போனது, இனிஷியலும் பெயரும் நின்றன. அதனால் நம் பெயரில் ‘சர்நேம்’ இல்லாதது ஏதோ விட்டுப்போன குறை அல்ல. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

ஆனால் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’, அதாவது முதல் பெயர் தெரியாது என்று அச்சாகும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்க முடியாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது.

அப்போ என்ன செய்யலாம்?

போட்டோவுக்கு: நல்ல பகல் வெளிச்சத்தில் எடுங்க. வாட்ஸ்அப்பில் எச்டி தேர்வில் அனுப்புங்க. இன்னும் நல்லது, ‘டாக்குமென்ட்’டாக அனுப்புவது, அதில் படம் சுருங்காது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து மறுபடி அனுப்பாதீங்க, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். முக்கியமாக, கரையையும் முந்தானையையும் கிட்டத்தில் வைத்துத் தனியாக எடுங்க. ஒரு ஜரிகைக் கோடு ஒரு புள்ளிக்குப் பதில் பத்துப் புள்ளி அகலமாகிவிட்டால், அது ‘மெதுவான’ மாற்றம் ஆகிவிடும், கணக்கு அதைத் தூக்கி எறியாது.

பெயருக்கு: இனிஷியலை விரித்து எழுதுங்க. சொந்தப் பெயரை ‘கிவன் நேம்’ கட்டத்திலும், அப்பா அல்லது அம்மா பெயரை ‘சர்நேம்’ கட்டத்திலும் போடுவது பலர் பின்பற்றும் வழி. எந்த முறையைத் தேர்ந்தாலும் பாஸ்போர்ட், வங்கி, பான் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே வரிசை இருக்கட்டும்.

டிசிடி கண் கவனிக்காததைக் கழிக்கிறது. படிவமோ தனக்குத் தெரிந்த பெயர் முறை ஒன்றுதான் உலகம் என்று நினைக்கிறது. போட்டோவில் கோடு மங்கினால் நெசவில் குறை இல்லை. கட்டத்துக்குள் பெயர் அடங்கவில்லை என்றால் பெயரில் குறை இல்லை. வாடிக்கையாளர் கேட்டால் தைரியமாகச் சொல்லலாம்: “சேலை சரியாத்தான் இருக்கு, கிட்டத்துல எடுத்த படம் அனுப்பறேன், பாருங்க.”