ஒட்டுத்துணிப் போர்வை: கற்பது கடினமா?

நுழையும்முன்

பழைய துணிகளைத் துண்டுகளாக்கி, இணைத்து, போர்வையாகத் தைக்கும் கலையை ஆங்கிலத்தில் 'குயில்ட்டிங்' என்பர். இதனைப் புதிதாகக் கற்போர்க்கு எது எளிது, எது கடினம் என்பதை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

கந்தையும் காந்தாவும்

கிழிந்து நைந்த துணியைத் தமிழில் 'கந்தை' என்கிறோம். வங்காளத்தில் 'காந்தா' என்பது, பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்த போர்வையைக் குறிக்கும். இவ்விரு சொற்களும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. இங்கே ஒதுக்கப்படும் துணிக்குரிய சொல், அங்கே போற்றப்படும் போர்வைக்குப் பெயராயிற்று. வங்கப் பெண்கள் சேலைக்கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்து, தாமரை, மீன், பறவை முதலிய உருவங்களைக் காந்தாவில் தைத்தனர். விலை கொடுத்து வாங்கிய பொருள் அதில் மிகக் குறைவு, உழைப்பே மிகுதி.

போர்வையின் அமைப்பு

ஒட்டுத்துணிப் போர்வையில் பொதுவாக மூன்று அடுக்குகள் உண்டு. மேலே இருப்பது துண்டுகளை இணைத்த வண்ணத்துணி. நடுவே இருப்பது பஞ்சு அல்லது மென்மையான பழந்துணி. அடியில் இருப்பது தாங்குதுணி. இம்மூன்றும் விலகாதவாறு ஊடுருவித் தைக்கும் தையலே இக்கலையின் உயிர்.

அதற்கு 'ஓடுதையல்' போதும். ஊசியைத் துணியின் மேலும் கீழுமாக மாறிமாறிச் செலுத்தி, சம இடைவெளியில் ஓடவிடுவதே ஓடுதையல். கைத்தையலில் முதலில் கற்பிக்கப்படுவது இதுவே. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த எவரும் ஒரு நாளில் இதனைப் பழகிக்கொள்ளலாம். ஆதலின், தையல் கடினமன்று.

கடினம் எங்கே இருக்கிறது?

கடினம் அளவில் இருக்கிறது. ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம்.

12 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் துண்டுகளை வெட்டுகிறோம் எனக் கொள்வோம். ஒவ்வோர் ஓரத்திலும் 1 சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். நாமோ கவனக்குறைவால் 2 மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே தைத்துவிடுகிறோம். ஓர் இணைப்பில் இரண்டு துண்டுகள் சேர்வதால், அவ்விடத்தில் 4 மில்லிமீட்டர் குறைகிறது. மூன்று துண்டுகள் கொண்ட வரிசையில் இணைப்புகள் இரண்டு. குறைவது 8 மில்லிமீட்டர். துணியைச் சற்றே இழுத்துச் சரிசெய்துவிடலாம். பத்துத் துண்டுகள் கொண்ட வரிசையிலோ இணைப்புகள் ஒன்பது. குறைவது 36 மில்லிமீட்டர். அந்த வரிசையைச் சரியாகத் தைத்த மற்றொரு வரிசையோடு சேர்க்கும்போது மூலைகள் பொருந்தா.

பிழை சிறியதே, போர்வை பெரிதாகப் பெரிதாக அப்பிழையும் பெருகுகிறது. முதல் முயற்சியிலேயே கட்டிலளவுப் போர்வையைத் தொடங்குவோர் பாதியில் கைவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவர்களுக்குத் திறமை இல்லை என்பது பொருளன்று. தொடக்கம் பெரிதாகிவிட்டது என்பதே பொருள்.

அளவின்றித் தைப்போர்

அளவுகோலே இல்லாமல் போர்வை தைப்போரும் உளர். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் முதலிய பகுதிகளில் சித்தி மக்கள் வாழ்கின்றனர். இவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் பலர் போர்ச்சுகீசியரால் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பிக் காடுகளில் குடியேறினர்.

சித்திப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். பழைய சேலையைத் தாங்குதுணியாக விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றி ஒவ்வொரு துண்டாக வைத்துத் தைத்துக்கொண்டே நடுப்பகுதியை அடைவர். துண்டுகளை முதலில் தனியே இணைத்து, பின்னர் அடுக்கித் தைக்கும் இரட்டை வேலை இதில் இல்லை. இரண்டும் ஒரே தையலில் நிகழ்கின்றன. துண்டுகள் வெவ்வேறு அளவினவாக இருந்தாலும் தவறில்லை. மூலைகள் பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இறுதியில் நான்கு மூலைகளிலும் மடித்த சிறு முக்கோணத் துணிகளைத் தைப்பர். அவற்றை மலர் என்னும் பொருளில் 'பூலா' என்பர். அவை இல்லாத போர்வை நிறைவு பெறாது என்பது அவர்கள் கருத்து.

இத்தகைய தையலை நேர்த்தியற்றது என எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த ஆடைகளைக் கொண்டு, நேர்கோட்டுக்குக் கட்டுப்படாத போர்வைகளைத் தைத்தனர். 2002ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. 2006இல் அவற்றின் படங்கள் அந்நாட்டின் அஞ்சல்தலைகளில் இடம்பெற்றன.

பிராட்வேயில் என்ன வாங்க வேண்டும்?

கொச்சியில் வாழும் உங்களுக்குப் பொருள் திரட்டுவது எளிது. மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்தால் எர்ணாகுளம். அங்கே மெரைன் டிரைவை ஒட்டியுள்ள பிராட்வேயின் குறுகிய தெருக்களில் துணிக்கடைகளும், நூல், பொத்தான், லேஸ் விற்கும் கடைகளும் நிறைந்துள்ளன. கைத்தையல் ஊசி, பருத்தி நூல், அளவு நாடா, தையற்காரர் 'அங்குஸ்தான்' என வழங்கும் விரல்பூண் ஆகியவை போதும். துணியை வீட்டிலேயே தேடுங்கள். அன்னையின் பழைய நூல்சேலை, தந்தையின் பழைய வேட்டி, உங்களுக்குச் சிறிதாகிப்போன சட்டை ஆகியவை ஏற்றவை. கொச்சியின் மழைக்காலத்தில் தடித்த பஞ்சுப் போர்வை எளிதில் உலராது. எனவே, நடு அடுக்குக்கு வேட்டித்துணியே பொருத்தமானது.

தைக்கும் முன் துணிகள் அனைத்தையும் துவைத்துக்கொள்ள வேண்டும். ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியிலுள்ள தோபிகானாவில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் துணி வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுத் தருகின்றன. துணியின் இயல்பை நன்கறிந்தோர் அவர்கள். புதிய பருத்தித்துணி முதல் சலவையில் சுருங்கும்; சில துணிகளில் சாயமும் போகும். துவைக்காத புதுத்துணியைப் பழந்துணியோடு தைத்தால், பின்னர் அது மட்டும் சுருங்கி, போர்வை கோணிவிடும்.

ஒன்பது துண்டுகளில் ஒரு தொடக்கம்

முதல் முயற்சியாக ஒரு சிறிய இருக்கை விரிப்பைத் தைக்கலாம். கத்தரிக்கோலைப் பெரியோர் துணையுடன் பயன்படுத்துங்கள்.

1. 12 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒன்பது சதுரங்களை வெட்டுக.
2. ஒவ்வொன்றின் பின்புறத்திலும், ஓரத்திலிருந்து 1 சென்டிமீட்டர் உள்ளே பென்சிலால் கோடிடுக. அளவுப் பிழையைத் தடுப்பது இக்கோடே.
3. கோட்டின்மீது தைத்து, மும்மூன்று துண்டுகள் கொண்ட மூன்று வரிசைகளை உருவாக்குக. பின்னர் வரிசைகளை இணைக்க. 32 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் கிடைக்கும்.
4. 36 சென்டிமீட்டர் சதுரத் தாங்குதுணியை விரித்து, அதன் நடுவே 32 சென்டிமீட்டர் சதுர வேட்டித்துணியையும், அதன்மேல் வண்ணத்துணியையும் வைக்க. நீண்ட தற்காலிகத் தையலால் மூன்றையும் பிணைக்க.
5. நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுதையல் இடுக. நடுவில் தொடங்கினால் துணிச் சுருக்கங்கள் ஓரத்தை நோக்கி நகர்ந்து மறையும்.
6. வெளியே நீண்டிருக்கும் தாங்குதுணியை இருமுறை முன்புறமாக மடித்துத் தைத்து, தற்காலிகத் தையலைப் பிரித்துவிடுக.

ஒரு நாளைக்கு ஒரு துண்டு என்றாலும், இரண்டு வாரத்தில் விரிப்பு உருவாகிவிடும். அதன் மூலைகள் சிறிது விலகியிருக்கலாம். அடுத்த விரிப்பில் அவ்விலகல் குறையும். இத்தகைய நான்கு விரிப்புகளைத் தைத்து முடித்தவர், பெரிய போர்வைக்கு வேண்டிய பயிற்சியைப் பெற்றிருப்பார்.

ஆகவே, ஒட்டுத்துணிப் போர்வை கற்பது கடினமா என்னும் வினாவுக்கு விடை இதுவே: தையல் எளிது, அளவு பழகப் பழக வரும், சிறிதாகத் தொடங்கி முடித்துப் பார்ப்பதே முதற்பாடம்.

சொல்லும் பொருளும்

நைந்த – தேய்ந்து வலுவிழந்த
காயல் – கடலை ஒட்டிய உப்பங்கழி
விரல்பூண் – ஊசி குத்தாமல் விரலில் அணியும் உறை
கோணுதல் – வளைதல், நேர்மை இழத்தல்

சிந்தித்து எழுதுக

1. ஆறு துண்டுகள் கொண்ட வரிசையில் ஒவ்வோர் இணைப்பிலும் 4 மில்லிமீட்டர் குறைந்தால், மொத்தம் எவ்வளவு குறையும்?
2. கவந்தியைத் தைக்கும் முறையும் ஒன்பது துண்டு விரிப்பைத் தைக்கும் முறையும் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. உங்கள் வீட்டிலுள்ள பழைய துணி ஒன்றின் கதையைப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.