பெண்ணின் உடலை அறிவோம்: கர்ப்பப்பை பிள்ளைப்பேற்றுக்கு மட்டுமா?

துணுக்காய்ப் பிரதேசத்தில் பெண்கள் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். "மனுசன் இல்லாத எனக்கு கிளினிக் என்னத்துக்குப் பிள்ளை?" இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் யுத்தத்தில் கணவனை இழந்தவர்கள், அல்லது காணாமல் ஆக்கப்பட்ட கணவனை இன்னமும் தேடிக்கொண்டிருப்பவர்கள். பிள்ளைப்பேறு முடிந்ததோடு கர்ப்பப்பையின் கதையும் முடிந்தது, இனி அதைப் பற்றிப் பேசுவதே வெட்கம் என்று எமது சமூகம் அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. 'அந்த இடம்', 'அடிவயிறு' என்பவற்றுக்கு மேல் எமக்குச் சொற்களும் பழக்கமில்லை. பெயர் தெரியாத இடத்தில் வரும் வருத்தத்தை டொக்டரிடம் எப்படிச் சொல்வது? ஆகவே முதலில் பெயர்களை அறிந்துகொள்வோம்.

வெளியே உள்ளவை

பெண்ணுக்குக் கீழே மூன்று வாசல்கள் உள்ளன. முன்னால் சிறுநீர் வாசல், நடுவில் யோனி வாசல், பின்னால் மலவாசல். முதல் இரண்டையும் இரு சோடி இதழ்கள் மூடிப் பாதுகாக்கின்றன. இதழ்கள் சேரும் மேல்முனையில் உணர்ச்சி மிகுந்த சிறு மொட்டுப் போன்ற பகுதி உண்டு. மலவாசலில் உள்ள கிருமி முன்பக்கம் வராதிருக்க, கழுவும்போது முன்னிருந்து பின்னாகவே கழுவ வேண்டும்.

யோனி வாசலில் உள்ள மெல்லிய சவ்வைக் கன்னிச்சவ்வு என்பர். அது எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்குப் பிறவியிலேயே மிகக் குறைவாக இருக்கும். அதைப் பார்த்து ஒரு பெண்ணின் கடந்த காலத்தை எவராலும் சொல்லிவிட முடியாது. வன்முறைக்கு உள்ளான எந்தப் பெண்ணும் 'நான் பழுதாகிவிட்டேன்' என்று நினைக்க வேண்டியதில்லை.

உள்ளே உள்ளவை

யோனி என்பது விரிந்து சுருங்கும் தசைக் குழாய். அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அங்கு வாழும் நல்ல கிருமிகள் ஒருவகைப் புளிப்பை உண்டாக்கி நோய்க்கிருமிகளைத் தடுக்கின்றன. சவர்க்காரம், டெற்றோல் போட்டு உள்ளே கழுவினால் இந்தக் காவல் அழிந்துவிடும்.

யோனியின் மேல் முடிவில் கருப்பைக் கழுத்து இருக்கிறது. அதற்கு மேலே கர்ப்பப்பை. தலைகீழாகப் பிடித்த கொய்யாக்காய் போன்ற வடிவம், ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் நீளம். தடித்த தசையாலான இந்தச் சிறிய பைதான் ஒரு முழுப் பிள்ளையைத் தாங்குமளவுக்கு விரிகிறது. அதன் இரு பக்கமும் கருக்குழாய்கள். அவற்றின் முனைகளுக்கு அருகே, கொட்டைப்பாக்கு அளவில் இரண்டு சூலகங்கள்.

சூலகத்துக்கு இரண்டு வேலைகள். ஒன்று, மாதம் ஒரு முட்டையை வெளிவிடுவது. மற்றது, ஈஸ்ட்ரஜன் முதலிய ஹோர்மோன்களைச் சுரப்பது. எமது எலும்பின் பலத்துக்கும் இந்த ஹோர்மோன் வேண்டும். மாதவிடாய் நிற்கும் வயதில் அது குறைவதால்தான் எலும்பு தேயத் தொடங்குகிறது.

மாதவிடாய் ஏன் வருகிறது?

கரு தங்குவதற்காகக் கர்ப்பப்பை தன் உட்சுவரை இரத்தத்தால் மெத்தை போலத் தடிப்பாக்குகிறது. கரு தங்காவிட்டால் அந்த மெத்தை கழன்று வெளியேறுகிறது. இதில் கெட்ட இரத்தமும் இல்லை, துடக்கும் இல்லை. 21 நாள் முதல் 35 நாள் வரையான இடைவெளி சாதாரணமானது.

2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது மாதக்கணக்காக மாதவிடாய் வரவில்லை என்று சிலர் என்னிடம் கூறியிருக்கிறார்கள். சூலகத்தை இயக்கும் கட்டளை மூளையிலிருந்து வருகிறது. பட்டினியும் பயமும் துயரும் மிகும்போது மூளை அந்தக் கட்டளையை நிறுத்திவிடும். இன்றும் கர்ப்பமில்லாமல் மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் காட்டிப் பார்க்க வேண்டும்.

பாரம் சுமந்த உடல்

கர்ப்பப்பையைக் கீழிருந்து தாங்குவது ஊஞ்சல் துணி போன்ற தசைகள். பிள்ளைப்பேறுகளால் அவை தளர்ந்திருக்கும்போது தண்ணீர்க் குடமும் நெல்மூட்டையும் தூக்கினால் இன்னும் தளரும். இடம்பெயர்ந்து ஓடிய எமது தாய்மாருக்குப் பிள்ளை பெற்ற பின் ஓய்வு எங்கே கிடைத்தது? கீழே ஏதோ இறங்குவது போன்ற பாரமும், இருமும்போது சிறுநீர் கசிவதும் இதன் அறிகுறிகள். வயதின் விதி என்று பொறுத்திருக்க வேண்டாம். சிறுநீரை அடக்குவது போல அத்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, உள்ளே வைக்கும் வளையம், சத்திரசிகிச்சை என வழிகள் உண்டு.

கணவன் இல்லாவிட்டாலும்

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் எச்.பி.வி. என்னும் வைரசே காரணம். அது உறவின் மூலம் தொற்றுகிறது. பலருக்குத் தானாக மறைந்துவிடும். சிலருக்குத் தங்கி, 10, 20 வருடங்களின் பின்னரும் புற்றுநோயாக மாறலாம். 2009 இல் 25 வயதில் கணவனை இழந்தவர் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார். கணவன் இல்லாத எனக்கு ஏன் என்று கேட்கும் அவருக்கே இந்தப் பரிசோதனை தேவை.

எமது நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் நடத்தப்படுகிறது. 35 வயதிலும் 45 வயதிலும் பப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படும். கழுத்துப் பகுதியிலிருந்து சில கலங்களைத் தடவி எடுப்பார்கள். சில நிமிட வேலைதான். மகள் ஆறாம் தரத்தில் படிக்கிறாளா? 2017 முதல் பாடசாலையில் ஏற்றப்படும் எச்.பி.வி. தடுப்பூசியைத் தவறவிட வேண்டாம்.

கேட்பது எமது உரிமை

2013 ஓகஸ்ட் மாதத்தில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமத்துத் தாய்மாருக்குப் போதிய விளக்கமின்றிக் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாக முறைப்பாடு எழுந்தது. கையில் தோலுக்கடியில் வைக்கும் இக்குச்சியிலிருந்து கசியும் ஹோர்மோன், இரத்தத்தோடு சென்று கருப்பைக் கழுத்தின் சளியைத் தடிப்பாக்கி விந்தைத் தடுக்கும். முட்டை வெளிவருவதையும் தடுக்கும். சிலருக்கு இரத்தப்போக்கு ஒழுங்கு தவறும். எடுத்துவிட்டால் மீண்டும் கர்ப்பம் தரிக்கலாம். விரும்பி ஏற்பவருக்கு இது நல்ல முறையே. ஆனால் இது என்ன, எத்தனை வருடத்துக்கு, வேண்டாமென்றால் எப்போது எடுக்கலாம் என்று முதலில் கேட்க வேண்டும். ஸ்கானுக்கும் ஒப்பரேசனுக்கும் இதுவே பொருந்தும். இடுப்புக்குள் செல் துண்டு இருப்பவர்கள் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

மாதவிடாய் நின்று ஒரு வருடத்தின் பின் இரத்தம் படுதல், உறவின் பின் இரத்தம் படுதல், துர்நாற்றத்துடன் வெள்ளைபடுதல், குறையாத அடிவயிற்று நோ ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். சாதாரண பரிசோதனைக்கான நாளை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தனியே போகக் கூச்சமாக இருந்தால் அயலில் இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுக்கும் அது தேவைப்படலாம்.