புலிக்குட்டி அல்ல, அயல்வாசி

"சேர், எங்கட கோழிய புலிக்குட்டியொண்டு கொண்டு போய்ட்டு!" என்றான் ஒன்பதாந்தர மாணவன் ஒருவன். வகுப்பே சிரித்தது. வெல்லம்பிட்டியில் குடியிருக்கும் எனக்கோ அவன் கண்டது எதுவென்று விளங்கியது.

அது மீன்பிடிப் பூனை. கொடுப்புலி என்றும் சொல்வார்கள். வீட்டுப் பூனையைவிட ஏறக்குறைய இரு மடங்கு பெரியது. சாம்பல் நிற உடலில் கரும்புள்ளிகள், வால் கட்டை. முன்னங்கால் விரல்களுக்கிடையே சிறிது சவ்வு உண்டு. நெருக்கமான உள்உரோமம் தோலை நனைய விடாது. ஆகவே தண்ணீருக்குள் பாய்ந்தே மீன் பிடிக்கும். நண்டு, தவளை, எலியும் அதன் இரைதான்.

கொழும்பு நகரில் இதற்கென்ன வேலை? நகரைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களே அதன் வீடு. கால்வாய்க் கரைகளே அதன் பாதை. பகலில் புற்புதருக்குள் ஒதுங்கி, இரவில் இரை தேடும். ஒரு சதுப்பை நாம் நிரப்பிவிட்டால், அடுத்ததைத் தேடி அது வீதியைக் கடக்க வேண்டும். வாகனத்தில் அடிபட்டுச் சாகிறது; தப்பினால் கோழிக்கூட்டுக்கு வருகிறது.

அதே சதுப்புத்தான் மழை வெள்ளத்தைத் தேக்கிவைத்து, மெல்ல மெல்லக் கால்வாய்க்கு விடுகிறது. இது தெரியாமல், "சும்மா கிடக்கிற சேத்து நிலந்தானே" என்று என் வளவின் பின்னாலிருந்த நாலு பேர்ச்சை நானும் மண் கொட்டி நிரப்பினேன். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர். பட்டப்படிப்புக் காலத்துப் புத்தகங்களெல்லாம் ஊறிப் போயின. அந்த வெள்ளம் என் நாலு பேர்ச்சால் மட்டும் வந்ததல்ல. ஆனால் ஆளுக்கு நாலு பேர்ச் நிரப்பினால், தண்ணீர்தான் எங்கே போகும்?

2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அந்தப் பெயர் நிலைப்பதும் நிலைக்காததும் நம் வளவுகளின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

பொறி வைக்க வேண்டாமென்று மாணவனிடம் சொன்னேன். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. இரவில் கூட்டைக் கம்பிவலையால் இறுக மூடினால் போதும்.

ஒரு கிழமை கழித்து வந்து சொன்னான்:

"சேர், அது இன்னும் வருது. கோழிய உட்டுட்டு, இப்ப கானுக்குள்ள மீன் பாக்குது."