ஏழு பேர்ச்சில் இரு குடித்தனம்

நுவரெலியாவில் பஸ் ஏறி, கந்தப்பளையையும் ராகலையையும் கடந்து உடப்புசல்லாவையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். முன்னாசனத்தில் ஓர் இளம் ஆசிரியை. மடியில் ஒரு பை, காலடியில் ஒரு பெட்டி. தோட்டப்புறப் பாடசாலையொன்றுக்குப் புதிதாக நியமனம் பெற்று வருபவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. "அண்ணன், இந்தப் பக்கம் எங்கேயாவது போடிங் கிடைக்குமா?" என்று நடத்துநரிடம் கேட்டார். அவர் டிக்கட் கற்றையைப் புரட்டியபடியே, "வீடு நெறைய இருக்குங்க டீச்சர், குடுக்கிறதுக்குத்தான் எடமில்ல" என்றார்.

வீடு நிறைய இருக்கிறது, கொடுப்பதற்கு இடமில்லை! மலைநாட்டுக் குடியிருப்பின் கதையை அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார் அன்றோ?

கொழும்பில் இத்தகைய தேவைக்கு விடையாக ஒன்று உண்டு. வெள்ளவத்தையில் வீடு வைத்திருப்பவர், அதன் பக்கவாட்டில் ஓர் அறை, சிறு சமையலறை, குளியலறை ஆகியவற்றைத் தனி வாசலோடு அமைத்து வாடகைக்கு விடுவார். அதனை 'அனெக்ஸ்' என்பர். ஞாயிறு பத்திரிகைகளின் விளம்பரங்களைப் படிக்கும் வாசகர்களுக்கு இச்சொல் புதிதன்று. சென்னையில் இதற்கு ஓர் ஏழை உறவினர் இருந்தார். 'ஒண்டுக்குடித்தனம்' என்று பெயர். திருவல்லிக்கேணியின் பழைய வீடுகளில் முன்கட்டில் ஒரு குடும்பம், பின்கட்டில் ஒரு குடும்பம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், அந்தக் குழாயடியில் நாள்தோறும் ஒரு சண்டை. கடல் கடந்த கனடாவிலும், டொரொண்டோவின் ஸ்காபரோப் பகுதியில் குடியேறிய நம்மவர் பலர் முதன்முதலில் தலைசாய்த்தது வேறொருவர் வீட்டின் நிலக்கீழ் அறையில்தான். பிறகு தாமே வீடு வாங்கியபோது, தம் வீட்டு நிலக்கீழ் அறையை அடுத்து வந்தவருக்கு வாடகைக்கு விட்டு, வங்கிக் கடனில் ஒரு பங்கை அதனால் அடைத்தனர்.

ஆயினும், உடப்புசல்லாவையில் ஒருவர் தம் வீட்டோடு ஓர் அனெக்ஸ் கட்டுவது வெள்ளவத்தையில் கட்டுவதைப் போன்றதன்று. அதைச் சொல்ல வேண்டுமாயின் லயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா. அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. அவ்வாறான காம்பராக்கள் வரிசையாக. சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டி இரு வரிசையாக. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே தகரக் கூரை. பின்வரிசையில் பிறந்த காற்று முன்வரிசைக்கு வராது. ஆனால் ஒரு காம்பராவில் பற்றிய தீ அந்தக் கூரைவழியே கடைசிக் காம்பராவரை ஓடும். இதற்கு வாடகை கிடையாது. அந்த இலவசத்துக்குக் கொடுத்த விலைதான் பெரிது. தோட்டத்தில் பெயர் இருக்கும்வரை காம்பரா; பெயர் போனால் கூரையும் போயிற்று. வெளியார் ஒருவர் வந்து தங்குவதற்குத் துரையின் சம்மதம் தேவைப்பட்ட காலமும் இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டையே இவர்களுக்கு அந்நியமாக்கியது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இல் தான் வந்தது. இடையில் 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. தோட்டம் இத்தனை கை மாறியும் லயம் மாறவில்லை.

இலங்கைத் தேயிலை ஏழு பிரதேசங்களாக வகுக்கப்பட்டுள்ளது; அவற்றுள் ஒன்று உடப்புசல்லாவை. ஊரின் பெயர் தேயிலைப் பெட்டியில் ஏறி உலகைச் சுற்றிற்று. கொழுந்து கொய்தவருக்கு அவ்வூரில் சொந்த வாசற்படி கிடைப்பதற்கோ, பேரப்பிள்ளைகளின் காலம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று அங்குமிங்குமாக அந்த வாசற்படிகள் எழுந்துள்ளன. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம் என்று கணக்கிடப்பட்டது. இந்திய அரசின் உதவியில் முதலில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018இல் மலையகத்துப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகார சபையும் சட்டத்தால் நிறுவப்பட்டது. இத்திட்ட வீடு ஏறக்குறைய 550 சதுர அடி: இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு கழிவறை. மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஏழு பேர்ச் ஏறக்குறைய 1,905 சதுர அடி. வீடு போக எஞ்சுவது 1,350 சதுர அடிக்கு மேல்.

அந்த எஞ்சிய நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான், உடப்புசல்லாவைக் கடைத்தெருவிலிருந்து சற்றுத் தொலைவில், நாம் காணச் சென்ற பெரியவர் இஸ்தோப்பில் அமர்ந்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இன்னும் மலைக்குப் போகிறார். மகன்மார் இருவரும் கொழும்பில் கடைகளில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார்கள்.

"இந்தப் பக்கமா ஒரு ரூமை இழுத்துக் கட்டி, டீச்சர்மார் யாருக்காவது விடலாம்னு பாக்கிறேங்க ஐயா. மாசம் ஒரு பத்தாயிரம் வந்தா போதாதா?" என்றார்.

போதுமா என்று அவரோடு சேர்ந்து கணக்குப் பார்த்தோம். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அந்த 1,350 ரூபாயை அளவுகோலாகக் கொண்டால், பத்தாயிரம் என்பது அட்டைக்கடியிலும் மழையிலும் ஏழரை நாள் நின்று ஈட்டும் பணம். சிறிய தொகையன்று. ஆனால் செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டுமல்லவா? அறை, சிறு குசினி, கழிவறை என 220 சதுர அடியாவது வேண்டும். அதற்குப் பன்னிரண்டு இலட்சம் ஆகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு மாதமும் காலியாகக் கிடக்காமல் வாடகை வந்தாலே முதல் திரும்பப் பத்து ஆண்டுகள் செல்லும். அப்பணத்தை நூற்றுக்குப் பதினைந்து வட்டிக்குக் கடனாக வாங்கினாலோ ஆண்டு வட்டி மட்டும் 1,80,000. வாடகை வரவு 1,20,000! குடியிருப்பவர் மாதந்தவறாமல் கொடுத்தாலும் வீட்டுக்காரர் கடனாளியாவார். வாரந்தோறும் தவணை கேட்டு வாசலில் வந்து நிற்கும் நுண்கடனை நம்பித் தோட்டத்துப் பெண்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். அதனைக் கொண்டு சுவர் எழுப்புவது மணலில் சுவர் எழுப்புவதற்கு ஒப்பாகும்.

பெரியவரின் முகம் சற்று வாடிற்று. அப்போது உள்ளிருந்து அவர் மனைவி, "பயலுங்க ரூமு சும்மாதானே கெடக்குது?" என்றார்.

பார்த்தீர்களா, இவ்வளவு நேரம் இரு ஆண்களும் காகிதத்தில் கிறுக்கியதை அந்த அம்மாள் அடுப்படியிலிருந்தே தீர்த்துவிட்டார்! இருக்கும் இரு படுக்கையறைகளில் ஒன்று ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கிறது. அதற்கு வெளிப்புறமாக ஒரு கதவைத் திறந்து, உள்கதவை அடைத்து, ஒட்டினாற்போல் ஒரு கழிவறையும் அடுப்பு மேடையும் அமைத்தால் அதுவே ஒரு குடித்தனம். அதற்கு மூன்று இலட்சம் என்று கொண்டால் முப்பது மாதத்தில் முதல் திரும்பிவிடும். நுவரெலியாப் பட்டணத்தார் இந்த வித்தையைப் பல காலமாக அறிவர். ஏப்ரல் மாதத்து வசந்த காலத்தில், பந்தயத்தையும் பூக்களையும் காண வருவோருக்கு முன்னறைகளைக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு பின்னறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும் வீடுகள் அங்கே உண்டு.

புதிதாகக் கட்டத்தான் வேண்டும் என்பவர்கள் முதலில் மலையைக் கேட்க வேண்டும். நம் வீடுகள் சரிவில் நிற்பவை. அறைக்கு இடம் வேண்டுமென்று பின்புறத்து மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டுவதும், கூரைநீரை அந்த வெட்டிலேயே விழ விடுவதும் அடுத்த மழைக்கு அழைப்பு அனுப்புவதாகும். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை யார் மறப்பர்? 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் மலையகமெங்கும் சரிவுகளைக் கொண்டுவந்தது. மண்சரிவு அபாயமுள்ள நிலத்தில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பெறுவது அலுவலகச் சடங்கன்று, உயிருக்கான காவல்.

அடுத்தது காகிதம். வீடு கையில் வந்தும் உறுதி கையில் வராத குடும்பங்கள் பல. உறுதி இல்லாத நிலத்தில் போட்ட பணத்துக்கு யார் பொறுப்பு? உறுதி உள்ளவர்களும், வாடகைக்கு விடுவது பற்றியோ கைமாற்றுவது பற்றியோ அதில் நிபந்தனை உண்டா எனப் படித்தறிந்தவர் ஒருவரைக் கொண்டு வாசிக்கச் செய்தல் நன்று. கட்டடத்துக்குப் பிரதேச சபையின் அனுமதியும் வேண்டும். தோட்டப்புறம் எங்கள் எல்லையன்று என்று சபைகள் கைவிரித்த காலம் ஒன்றிருந்தது; 2018இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் அந்தத் தடையை நீக்கிற்று.

குடியமர்த்தும்போது வாய்ப்பேச்சை மட்டும் நம்புவது நம்மவரின் பழைய வழக்கம். "நம்ம புள்ள மாதிரி" என்று தொடங்கும் உறவு, மூன்றாம் மாதம் மின்கட்டணத்தில் முறிவதைப் பார்த்திருக்கிறோம். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிடில் செல்லாது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்போருக்குப் பெரும் பாதுகாப்பளித்தபோது, வீட்டைக் கொடுத்தால் திரும்ப வராது என அஞ்சிப் பூட்டி வைத்தவர்களும் உண்டு. எனவே எவ்வளவு காலம், எவ்வளவு முற்பணம், எப்போது திருப்புவது என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்வது இரு தரப்பாருக்கும் நல்லது. மின்சாரத்தைப் பொறுத்தவரை, அலகு கூடக்கூட விலைவீதமும் ஏறும் முறை நம் நாட்டுடையது. இரு குடும்பம் ஒரே மானியில் எரித்தால் இருவருமே உயர்ந்த வீதத்துக்குள் தள்ளப்படுவர். தனி மானி கிடைக்காவிட்டால், குடியிருப்பவர் பகுதிக்கு ஓர் உப மானியாவது பொருத்திக்கொள்ளலாம்.

இவையெல்லாம் கணக்குக்கும் சட்டத்துக்கும் உட்பட்டவை. நாம் மிகவும் அஞ்சுவது வேறொன்றை. ஏழு பேர்ச்சில் இடம் இருக்கிறதே என்று, சன்னல் இல்லாத பத்தடி அறைகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே தகரத்தின் கீழ் நாலைந்து இழுத்துவிட்டால் அதற்கு என்ன பெயர்? துரைமார் கட்டிய லயத்தை விட்டு வந்து, நம் சொந்தப் பணத்தில் இன்னொரு லயம்! அதில் கங்காணி நாமே. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2011இல் சட்டமியற்றி வீடுகளில் இரண்டாவது குடியிருப்புக்கு இடங்கொடுக்குமாறு நகரசபைகளைப் பணித்தது. அங்கே அத்தகைய குடியிருப்பில் தீ மூண்டால் வெளியேற வழியும், புகை எழுந்தால் ஒலிக்கும் கருவியும் இருந்தாக வேண்டும். அவர்களுக்கு நிலக்கீழ் அறை கற்பித்த பாடத்தை நமக்கு லயம் எப்போதோ கற்பித்துவிட்டது. இரு பகுதிக்கும் இடைச்சுவர் கூரைத் தகடுவரை எழ வேண்டும். விறகடுப்பாயின் புகை போகத் தனி வழி வேண்டும். கழிவுக்குழி பீலிக்கும் ஊற்றுக்கும் தள்ளிக் கீழ்ப்புறத்தில் இருக்க வேண்டும்.

பெரியவர் இவற்றையெல்லாம் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தேநீர் வந்தது. உடப்புசல்லாவையில் குடிக்கும் தேநீர் ஏற்றுமதிக்குப் போன மிச்சத்தூள் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

பின்னர் எழுந்து மகன்மாரின் அறைக்குள் அழைத்துச் சென்றார். ஒரு கட்டில், ஒரு பழைய கிரிக்கெட் மட்டை, சுவரில் ஒரு நாட்காட்டி. அடுப்புக்கரித் துண்டால் வெளிச்சுவரில் கதவுக்கு ஒரு கோடும் சன்னலுக்கு ஒரு சதுரமும் வரைந்தார். அம்மாள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சன்னல இன்னும் பெரிசாப் போடுங்க" என்றார். "தாப்பாள் உள்பக்கமா இருக்கணும். நம்ம கதவ எவன் வேணும்னாலும் தட்டித் தெறந்த மாதிரி அந்தப் புள்ளைக்கு ஆகக் கூடாது."

பெரியவர் சதுரத்தை அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். மாலைப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நாம் விடைபெற்றோம். கடைத்தெருவில் அந்த ஆசிரியை, பெட்டியோடு ஒரு பலசரக்குக் கடை வாசலில் நின்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சென்று வழி சொன்னோம்.